‘கரண்டு போச்சு’ யாருக்குச் சொந்தம்?

1

கம்பெனியில் பதினைந்து வருடம் முடித்ததற்காகப் போன பிப்ரவரியில் எனக்கு ஒரு கண்ணாடிக் கட்டை கொடுத்தார்கள். கையில் வாங்கினால் நல்ல கனம். ஊறுகாய் ஜாடிக்கு மேல் வைக்கத் தோதாக இருக்கும். அதில் ‘கோவிந்தசாமியின் உழைப்புக்கு நன்றி’ என்று செதுக்கியிருந்தார்கள்.

கோவிந்தசாமி என் அப்பா. கடலூர் – சிதம்பரம் ரூட்டில் கண்டக்டராக இருந்து, ரிட்டயர் ஆகி, காலமும் ஆகிவிட்டவர். கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது. என் பெயர் சேகர். அந்தக் காலத்தில் பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், விரித்தேன். அமெரிக்காவில் இறங்கிப் பார்த்தால் அப்பா முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார், நான் பின்னால் போய்விட்டேன். மினசோட்டா வந்த புதிதில் இதைச் சரிசெய்ய ஓர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள் ரொம்பத் தன்மையாக, “கோவிந்தசாமி வேறு, நீங்கள் வேறு என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டுமே” என்றாள். அப்பாவின் இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுவாரம் என் மருத்துவக் காப்பீடு நின்றுபோனது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்கக் கோடை முழுக்க அலைந்தேன். அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன். இன்றைக்கும் ஆபீசில் யாராவது “கோவிந்தசாமி!” என்று கூப்பிட்டால் நான்தான் போய் வேலையைச் செய்கிறேன்.

கண்ணாடிக் கட்டையோடு வீட்டுக்கு வந்து, வாசலில் பனியை வாரித் தள்ளிவிட்டு, ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி தேன்மொழி வீடியோ காலில் யாரிடமோ அழுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஏங்க, என் தம்பிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிருக்கீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?”

போனில் என் மச்சான் குமரவேல். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு தடிமனான கவர். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“மாமா, உங்க கம்பெனிலேருந்துதான் மாமா வந்துருக்கு. நான் களவாணியாம். கடைய மூடிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுக்கணுமாம்.”

நான் ஷூவை மறுபடியும் மாட்டிக்கொண்டு வெளியே போய், வாராத பனியையும் வாரலாமா என்று யோசித்தேன்.

2

குமரவேல் முன்பு குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தான். ஷிப்ட் அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இளைப்பு வந்து, பேசும்போதே நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவான். வேலையை விட்டுவிட்டுக் கல்யாண மண்டபங்களுக்குக் கேமரா மாட்டுவது, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பது என்று கிடைத்ததைச் செய்தான். ஊரில் இரண்டு தெருவுக்கு ஒரு மண்டபம் இருப்பதால் பிழைப்பு ஓடியது. புரோகிராம் எழுதவும் தானாகவே கற்றுக்கொண்டான்.

கடலூர், சிதம்பரம் மண்டபங்களில் ஒரு புரோகிராம் இருந்தது. சென்னைப் பையன்கள் சிலர் சேர்ந்து எழுதியது. தேதி பிடிப்பதிலிருந்து எச்சில் இலை எடுப்பதுவரை எல்லாம் அதில்தான். சமையல்காரர், பூக்காரர், பேண்டு செட்டு, ஜெனரேட்டர்காரர் என்று ஒவ்வொருவர் போனிலும் ஒரு சின்ன ஆப். அதில் பட்டனை அமுக்கினால் மண்டபத்துப் புரோகிராமுக்குச் சேதி போகும், அங்கிருந்து யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போகும். ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமைக் கூப்பிட்டு வேலை சொல்ல வைத்திருக்கும் பெயர்களுக்குத்தான் எங்கள் தொழிலில் ஏபிஐ என்று பெயர். பயப்பட ஒன்றுமில்லை. கூப்பிட ஒரு பெயர், கொடுக்க வேண்டிய விவரம், கிடைக்கும் பதில், அவ்வளவுதான். உள்ளே யார், எப்படிச் செய்கிறார் என்பது கூப்பிடுகிறவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. கோவிந்தசாமி என்று கூப்பிட்டால் சேகர் போகிற மாதிரி.

அந்தப் பையன்கள் பெயர்களை அழகாக வைத்திருந்தார்கள். ‘மண்டபம் காலியா’, ‘தேதி பிடி’, ‘எத்தனை இலை’, ‘கரண்டு போச்சு’. கடைசியில் சொன்னதை அமுக்கினால் ஜெனரேட்டர்காரர் போனில் மணி அடிக்கும். அந்தப் புரோகிராமில் ஒரு நாள் என்பது மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்து மறுநாள் மதியம் மூன்றுக்கு முடியும். மண்டபத்துக்கு நாள் என்றால் அதுதானே. முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் மதியச் சாப்பாடு, பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது.

பிறகு அந்தப் பையன்களின் கம்பெனியை எங்கள் கம்பெனி வாங்கியது. வாங்கியவுடன் இங்கிருந்த ஒரு மேதாவி, ‘நாள் நள்ளிரவில் தொடங்கவில்லை, கடும் பிழை’ என்று பதிவு செய்தான். ஆறு மாதத்தில் ‘சிறு நகரங்களுக்கான சேவை நிறுத்தப்படுகிறது, உங்கள் பயணத்துக்கு வாழ்த்துகள்’ என்று ஒரு மின்னஞ்சல் போனது. வைகாசி முகூர்த்தம் நெருங்குகிற நேரம். மண்டபக்காரர்கள் எல்லாரும் குமரவேலைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவன் புதிதாக ஒரு புரோகிராம் எழுதினான். உள்ளே ஒரு வரிகூடப் பழசு கிடையாது. எல்லாம் அவனே உட்கார்ந்து எழுதியது. கூப்பிடும் பெயர்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டான். அதனால் யாரும் போனில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பழைய பட்டன், பழைய பழக்கம், பதில் மட்டும் குமரவேலிடமிருந்து வந்தது. கல்யாணங்கள் நடந்தன. அவன் மூச்சும் சீரானது. வீட்டில் மூன்று வேளை அடுப்பு எரிவது இந்தப் புரோகிராமால்தான்.

நிறுத்திய கடைக்குப் பக்கத்தில் ஒருவன் கடை போட்டு வியாபாரம் நடக்கிறது என்று தெரிந்ததும், எங்கள் கம்பெனிக்கு அந்த இடத்தின் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. ‘எங்கள் கட்சிக்காரர் தூக்கமின்றிப் படைத்த கற்பனை வளம் மிக்க பெயர்களையும் அவற்றின் வரிசையையும் தாங்கள் களவாடியுள்ளீர்கள்’ என்று நோட்டீஸ்.

3

கடலூரில் என் மாமனார் வீட்டைப் பொறுத்தவரை, நான் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்றால் அந்தக் கம்பெனி எனக்குச் சொந்தம். நான் என்ன சொன்னாலும் அது தன்னடக்கம். குடும்பக் குரூப்பில் மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள். “மாப்ள ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது.” “சொல்ல மனசு வரணுமே.” இரண்டாவதைப் போட்டது மாமனார்தான். போட்டுவிட்டு உடனே அழித்தார். அழிப்பதற்கு முன் எல்லாரும் படித்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூவாயிரம் பேர் இருக்கிற கம்பெனியில் என்னைச் சரியான பெயரில் கூப்பிடுகிறவன் ஒருவனும் கிடையாது. நான் யாரிடம் போய்ச் சொல்வது? சோற்றுக்குக் கேடு, பூமிக்குப் பாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயமும் இருந்தது. மச்சானுக்காகப் பேசினால் வேலை போகலாம். பேசாவிட்டால் அவன் மறுபடி ஷிப்டுக்குப் போக வேண்டும்.

“ஷிப்டு வேலைக்கே திரும்பிப் போயிடட்டுமா மாமா?” என்று அவன் கேட்டான். கேட்டதைவிட, கேட்பதற்கு முன் பழையபடி மூச்சு வாங்கினானே, அதுதான் என்னைப் போட்டு வாட்டியது.

சிதம்பரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தான். நிலத் தகராறில் கெட்டிக்காரர். நோட்டீஸை முழுக்கப் படித்துவிட்டு, “பேரு யாரு அனுபவத்துல இருக்கு?” என்று கேட்டாராம்.

“ஜனங்க அனுபவத்துல இருக்கு சார்.”

“பட்டா?”

“பேருக்கு ஏது சார் பட்டா?”

“அப்ப பொறம்போக்கு. பாத்துக்கலாம், கவலப்படாதீங்க” என்றாராம். இந்தச் சட்டத்தைப் பற்றிப் பிற்பாடு நான் கேட்ட எத்தனையோ விளக்கங்களில் இது அவ்வளவு மோசமில்லை.

நான் கம்பெனி விதிப்படி, உறவினர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று இணையதளத்தில் தெரிவித்தேன். உறவு என்ன என்பதற்குப் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனைவியின் தம்பியும் அக்கா புருஷனும் அவர்களுக்கு ஒரே சொல். எங்கள் ஊரில் இந்த இரண்டு பேருக்கும் பந்தியில் இலை போடுகிற இடமே வேறு. எதையோ அமுக்கினேன். ‘நன்றி கோவிந்தசாமி, பரிசீலிக்கிறோம்’ என்று உடனே பதில் வந்தது. இன்றுவரை பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

4

என் மகள் நிலா சட்டம் படிக்கிறாள், இரண்டாம் வருடம். வேறு ஊரில் ஹாஸ்டல். அவளுடைய தமிழ் “சாப்டாச்சா”வில் தொடங்கி “சரிப்பா”வில் முடியும். நடுவில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், “பா, வாட்ஸ் அப்?” என்பாள். நான் வானிலையைச் சொல்வேன். அவளும் வானிலையைச் சொல்வாள்.

நோட்டீஸ் கதையைத் தேன்மொழி அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை நிலா பஸ் பிடித்து வந்து இறங்கினாள். தீபாவளிக்கு வராதவள். மேஜையில் லேப்டாப்பைத் திறந்து மாமனைக் கூப்பிட்டாள். நான் மொழிபெயர்க்கத் தயாராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் சொன்னது இதுதான். இங்கே பதிப்புரிமைச் சட்டத்தில் ‘நியாயமான பயன்பாடு’ என்று ஒரு விதி உண்டு. அடுத்தவன் பொருளை அனுமதியில்லாமல் எடுத்தது தப்பா என்று பார்க்கச் சட்டம் நாலு கேள்வி கேட்கும். எதற்காக எடுத்தாய்? எடுத்தது எப்படிப்பட்ட பொருள், கதை மாதிரியா, பெயர்ப்பலகை மாதிரியா? எவ்வளவு எடுத்தாய்? எடுத்ததால் உடையவன் வியாபாரம் கெட்டதா?

“மாமா, ஃபர்ஸ்ட் கொஸ்டின். வொய் டிட் யூ டேக் இட்? ஏன் எடுத்தே நீ?”

மாமனை ஒருமையில் கேட்கிறாளே என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

“பாப்பா, எல்லாரும் அந்தப் பட்டனத்தான் அமுக்கிப் பழகிருக்காங்க. நான் பேர மாத்திருந்தா, தாலி கட்டற நேரத்துல ஜெனரேட்டர்காரரு கூடையில பூ எடுத்துட்டு வந்து நிப்பாரு. பேண்டு செட்டுக்காரரு டீசல் கேனோட நிப்பாரு. வேணுமா அது?”

நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். “பெர்ஃபெக்ட். நெக்ஸ்ட். எவ்ளோ எடுத்தே?”

“கூப்புடற பேரு மட்டுந்தான் பாப்பா. உள்ள இருக்கறதெல்லாம் ஓன் கோடு. ஜாஸ்தி ஒண்ணும் எடுக்கல.”

“அவங்க பிசினஸ் போச்சா?”

“அவுங்கதான் போய்ட்டாங்களே பாப்பா!”

இப்படியே இரண்டு மணி நேரம். நடுவில் அவள் இன்னொன்றும் சொன்னாள். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரிப் பெயர்களுக்காக இரண்டு பெரிய கம்பெனிகள் இங்கே உச்ச நீதிமன்றம்வரை அடித்துக்கொண்டன. பத்து வருடத்துக்கு மேல் நடந்த சண்டை. அந்த வழக்கில் எடுத்துப் பயன்படுத்தியது நியாயம் என்று தீர்ப்பு. ஆனால் பெயர்கள் யாருக்காவது சொந்தமாக முடியுமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பெண் யார், மாப்பிள்ளை யார் என்று கேட்காமலே கிளம்பிப் போகிற மாதிரி. நம் ஊர்ச் சட்டம் வேறு என்றாலும், ஒருவன் சொந்தமாக எழுதிய புரோகிராம் மற்ற புரோகிராம்களோடு சேர்ந்து ஓடுவதற்குத் தேவையானதைச் செய்துகொள்ள அதிலும் இடம் இருக்கிறதாம். அந்தப் பகுதியை எடுத்துப் பொறம்போக்கு வக்கீலுக்கு அனுப்பினாள்.

என்னிடம் ஒரு சொல்லுக்குக்கூட யாரும் அர்த்தம் கேட்கவில்லை. நான் எழுந்துபோய் அவர்களுக்கு டீ போட்டேன். அவனுக்குப் போட முடியாது என்பது கொதித்த பிறகுதான் உறைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

5

ஏப்ரலில் சட்டப் பிரிவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. சீட்டைக் கிழிக்கப் போகிறார்கள் என்று நினைத்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

சட்டப் பிரிவுத் தலைவி சூசன் என்கிற பெண்மணி. பக்கத்தில் இரண்டு இளைஞர்கள். தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்று தேடியதில் கம்ப்யூட்டர் கோவிந்தசாமியைக் காட்டியிருக்கிறது. வழக்கு நிற்க வேண்டுமானால் அந்தப் பெயர்கள் கற்பனை வளம் உள்ளவை என்று காட்டியாக வேண்டுமாம். அதற்கு ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும்.

“அந்த எதிராளி என் மனைவியின் தம்பி” என்று முதலிலேயே சொன்னேன். சூசன் அதைக் குறித்துக்கொண்டு, “நீங்கள் வெறும் அர்த்தம்தான் சொல்லப் போகிறீர்கள்” என்றாள்.

சுவரில் பெயர்களை ஆங்கில எழுத்தில் பெரிதாகப் போட்டார்கள். ஓர் இளைஞன் ‘எத்தனை இலை’யைக் காட்டி, இது இயற்கை சார்ந்த உருவகமா என்று ஆசையோடு கேட்டான்.

“இல்லை. சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்பது.”

“மனிதர்களை இலைகளாகப் பார்க்கும் பார்வை!”

“மனிதர்களைப் பார்க்கவே இல்லை. மடியில் உட்காரும் குழந்தைக்குத் தனி இலை கிடையாது. அதனால் எங்கள் ஊர்ச் சமையல்காரர்கள் தலையை எண்ண மாட்டார்கள், இலையைத்தான் எண்ணுவார்கள். கல்யாணம் நடக்கிற ஊர் எல்லாவற்றிலும் இப்படித்தான் கேட்பார்கள்.”

அவன் முகம் தொங்கிவிட்டது. சூசன் அடுத்ததைக் காட்டினாள். “காரண்டு போச்சு. இதுதான் எங்கள் முக்கியமான பெயர். சத்தமே பாட்டு மாதிரி இருக்கிறது. கவிதையா?”

“மின்சாரம் நின்றுவிட்டது என்று அர்த்தம்.”

“இதை முதலில் எழுதியவர், இந்தச் சொற்களை எங்கிருந்து கண்டடைந்தார்?”

“மின்சாரம் நின்றபோது கண்டடைந்திருப்பார்.”

“வேறு யாராவது இதைச் சொல்வதுண்டா?”

“கரண்ட் போனால் எல்லாரும் சொல்வார்கள். கோடிக்கணக்கான பேர். ஒரே நேரத்தில்.”

“அதே சொற்களையா?”

“அதே சொற்களை. எங்கள் கடலூரில் புயல் சீசனில் வேறு எதுவும் பேசுவதற்கே இருக்காது.”

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, மச்சானுக்காக ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை. இன்னொரு இளைஞன் மெதுவாக, “இதற்காக ஒருவர்மேல் வழக்குப் போட்டோம் என்று பத்திரிகையில் வந்தால்...” என்று ஆரம்பித்தான். சூசன் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். அவள் கெட்டவளல்ல. என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினாள். “ரொம்ப உதவியாக இருந்தது, கோவிந்தசாமி” என்றாள்.

இரண்டு வாரத்தில் குமரவேலுக்குக் கடிதம் போனது. தங்கள் உரிமை எதையும் விட்டுக்கொடுக்காமல், முழுக்க நல்லெண்ணத்தின் பேரில், நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறார்களாம். குடும்பக் குரூப்பில் என் புகைப்படத்தைப் போட்டு பூமாலைப் படம் சேர்த்திருந்தார்கள். பார்க்கிறவர்கள் நான் செத்துப்போய்விட்டேன் என்று நினைத்திருப்பார்கள். மாமனார், “மாப்ள சொன்னாருல்ல” என்று எழுதினார். இதை அழிக்கவில்லை.

6

ஜூனில் தேன்மொழியின் சித்தப்பா மகளுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். மேலவீதிக்குப் பின்னால் இருக்கிற மண்டபம். நாங்கள் மூன்று பேரும் போனோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நடக்க முடியாமல் நடந்த நிலாவை மாமன்தான் ஒவ்வொருவரிடமும் அழைத்துப்போய், “இதான் எங்க வக்கீல்” என்று காட்டினான். என்னையும் இழுத்துப்போய்க் காட்டினான். “எங்க மாமா. இவரு இல்லன்னா நான் இல்ல.” ஜெனரேட்டர்காரர் பாபு என் கையைப் பிடித்துக் குலுக்கி, “கம்பெனி உங்களுதா சார்?” என்றார். மறுத்துப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. கீழவீதிப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று சேதி வந்தது. மண்டப வாசலில் வணக்கம் போடுகிற பொம்மை ஒன்று கரண்டில் ஓடிக்கொண்டு, குனிந்து குனிந்து வருகிறவர்கள்மேல் பன்னீர் தெளித்தது. எனக்குக் கண்ணில் தெளித்தது. துடைத்துக்கொண்டிருந்தபோது குமரவேல் போனோடு ஓடிவந்தான். முகம் சிவந்திருந்தது.

“மாமா, அநியாயத்தப் பாத்தீங்களா மாமா? உங்க கம்பெனிக்காரனுங்க சின்ன ஊருக்கு மறுபடி வர்றானுங்களாம். புது வெர்ஷன் உட்ருக்கானுங்க. அதுல என்னோடத அப்படியே காப்பி அடிச்சி வெச்சிருக்கானுங்க!”

“எதடா?”

“‘மாப்பிள்ளை வந்தாச்சு’ மாமா. அது பழைய புரோகிராம்ல கெடயாது. நானா யோசிச்சி வெச்சது. அத ஒரு அமுக்கு அமுக்குனா பேண்டு செட்டு, ஆரத்தி, லைட்டு, வீடியோ எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல மணி அடிக்கும். இப்ப எல்லாரும் அதத்தான் அமுக்கறாங்கன்னு தெரிஞ்சி எடுத்துக்கிட்டானுங்க.”

“கோட எடுத்தாங்களா?”

“கோடு அவனுங்களே எழுதிருப்பானுங்க. பேர எடுத்துட்டானுங்களே மாமா! நான் எத்தினி நாளு மண்டய ஒடச்சி வெச்ச பேரு! உட மாட்டேன். நோட்டீஸு ரெடி பண்ணிட்டேன். நம்ம வக்கீலு, அனுப்புன்னா ஒடனே அனுப்பிடறேன்னாரு. பாப்பா, இந்தா, நீ ஒருவாட்டி பாத்துடு.”

நிலா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். ‘எங்கள் கட்சிக்காரர் தூக்கமின்றிப் படைத்த கற்பனை வளம் மிக்க பெயர்களையும் அவற்றின் வரிசையையும் தாங்கள் களவாடியுள்ளீர்கள்.’ முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவனுக்கு வந்த அதே நோட்டீஸ். கட்சிக்காரர் பெயரையும் எதிராளி பெயரையும் மட்டும் இடம் மாற்றியிருந்தான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். இவனுக்காக நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேனே!

நிலாதான் பேசினாள். சொற்களைத் தேடித் தேடித் தமிழிலேயே பேசினாள். “மாமா, நீ இத அனுப்பினா, பேர் ஓன் பண்ணலாம்னு நீயே சொல்றே. அப்போ அவங்க ஃபர்ஸ்ட் அனுப்பினது கரெக்ட் ஆயிடும். அவங்க திரும்பி வருவாங்க. உன் கடை போயிடும்.”

“அது வேற பாப்பா, இது வேற.”

“எப்படி வேற?”

“அது அவுங்களோடது. இது என்னோடதுல்ல?”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மண்டபம் முழுக்க, சமையல்கட்டிலிருந்து மாடிவரை, ஒரே குரலாக எழுந்தது, “கரண்டு போச்சு!” எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் என் பக்கத்தில் நின்ற குமரவேல். கத்திக்கொண்டே போனில் பட்டனை அமுக்கினான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை அமுக்கினான். பாபுவுக்கு மணி அடிக்கவில்லை. மண்டபத்துப் புரோகிராமுக்குச் சேதி கொண்டுபோகிற, பேட்டரியில் ஓட வேண்டிய இன்டர்நெட் பெட்டியின் ப்ளக்கைப் பெண் வீட்டார் யாரோ பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் வணக்கம் போடுகிற பொம்மையைச் செருகியிருந்தார்கள். இருட்டில் அது ஒன்று மட்டும் எங்களைப் பார்த்துக் குனிந்து குனிந்து பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. பேண்டு செட்டுக்காரர்கள் கையில் போனைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கட்டும் என்று இருட்டில் நின்றார்கள். ஆரத்தித் தட்டு எங்கேயோ இருந்தது. அப்போது கேட்டருகே நின்ற யாரோ ஒரு அம்மாள், அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள்.

“ஏய், மாப்பிள்ளை வந்தாச்சு!”

அவ்வளவுதான். பேண்டு செட்டு வாசிக்க ஆரம்பித்தது. உள்ளேயிருந்து ஆரத்தி ஓடிவந்தது. வீடியோக்காரர் பேட்டரி விளக்கைப் போட்டார். பின்பக்கம் பாபுவின் ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவர் காதில் ‘கரண்டு போச்சு’ எப்போதோ விழுந்திருக்க வேண்டும்.

வெளிச்சம் வந்தபோது குமரவேல் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் பன்னீர் வழிந்தது.

“அந்த அம்மா ஒங்கிட்ட பர்மிஷன் வாங்கிச்சா மச்சான்?” என்று கேட்டேன்.

அவன் என்னை முறைத்தான். பிறகு நிலாவைப் பார்த்தான். அவள் அவன் தோளில் கையை வைத்தாள். அவனுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது.

“சரி பாப்பா. அனுப்பல. வக்கீலுகிட்டயும் வேணாம்னு சொல்லிடறேன்.”

இவன் கடை பிழைத்தது, மூச்சு பிழைத்தது என்று நினைத்தேன். உள்ளே ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பார்க்கலாம் என்று திரும்பினேன். அவன் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக் காதருகே வந்தான்.

“ஆனா மாமா, அந்த நோட்டீஸு நல்லா எழுதிருக்கான் மாமா. அழிக்க மனசு வரல. பேர மட்டும் எடுத்துட்டு வெச்சிக்கறேன், யாருக்காவது ஒதவும்.”